பீச் பழமும் கோர்தொபா இழுவையும்

பாட்டின் மெட்டுக்கும், பேச்சில் ஊரைக் காட்டிக்கொடுக்கும் இழுவைக்கும் அர்ஜென்டினாவில் ஒரே சொல்தான்: தொனாதா. உள்நாட்டு நகரமான கோர்தொபாவைச் சேர்ந்த ஒத்தீலியா மொயானோவின் உயிருக்கு அதுதான் எமனாக நின்றது.

ராணுவ ஆட்சிக் காலம். தொழிற்சங்கத்தில் இருந்த கணவன் ரூபெனைச் சிப்பாய்கள் இழுத்துச் சென்ற வாரமே அவள் தலைநகர் பொயெனோஸ் ஐரெஸுக்கு ஓடிவந்தாள். கையில் பொய் அடையாள அட்டை: பெயாத்ரிஸ் சோசா, பிறந்தது பொயெனோஸ் ஐரெஸ். அட்டை கச்சிதம். வாய்தான் சொன்னபடி கேட்கவில்லை.

"ஏண்டி, ஒவ்வொரு வார்த்தையையும் ஊஞ்சல்ல வச்சு ஆட்டுறே? வெட்டிப் பேசு!" என்று விடுதிக்காரி சோலா தினமும் அதட்டுவாள். ஒத்தீலியா பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் பேருந்தைச் சிப்பாய்கள் மறித்தார்கள். ஏறிவந்த அதிகாரி அவள் அட்டையைப் புரட்டினான்.

"பையில என்ன?"

"தூஊராஸ்னோ," என்றாள். பீச் பழம். பயத்தில் முதலெழுத்து நீண்டுவிட்டது.

அவன் நிமிர்ந்தான். "இது கோர்தொபா தொனாதா ஆச்சே. இங்க பொறந்தவன்னு போட்டிருக்கு?"

இழுவையை மறைத்தால் செத்தோம் என்று அவளுக்குப் பட்டது.

"எங்கம்மா அந்த ஊரு சார். வீட்ல அவங்கள மாதிரி பேசிக் காட்டிக் காட்டி எனக்கும் ஒட்டிக்கிச்சு. அவங்க சந்தையில பழம் விப்பாங்க. எப்படின்னு கேளுங்க!"

எழுந்து, இடுப்பில் கைவைத்து, இழுத்த இழுப்பில் கூவினாள்: "வாஆங்க ராசா, அமுஊக்கிப் பாக்காதீங்க, அது பழம், உங்க மாமியா கன்னமில்ல!"

ஒரு சிப்பாய் களுக்கென்றான். பேருந்தே சிரித்தது. அதிகாரியின் உதடும் கோணியது. "உக்காரு," என்று அட்டையை அவள் மடியில் எறிந்தான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

ராணுவ ஆட்சி ஒழிந்தபின்தான் ஊர் திரும்பினாள். ரூபென் கிடைக்கவே இல்லை, எலும்புகூட. அக்கம்பக்கத்தார் வேறு, அவள் வெட்டி வெட்டிப் பேசுவதைக் கேட்டு, "என்னக்கா, தலைநகரத்துக்காரி ஆயிட்டீங்க!" என்று கேலி செய்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வாயில் வேறு யாரோ குடியிருப்பதுபோல இருந்தது.

பல மாதம் கழித்து, கெட்ட இறைச்சியைத் தலையில் கட்டிய கசாப்புக்காரனிடம் அவள் சண்டைக்கு நின்றாள். திட்டத் திட்ட வார்த்தைகள் தாமாகவே நீண்டன.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நீங்க நம்ம ஊரு அல்பெர்தித் தெருப் பக்கமா அம்மா?"

"ஆஆமாய்யா," என்றாள். அழுகையோடு, கறியை மாற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.