வேணி சமயபுரம் போன கதை

வேணியும் அஜித்தும் எங்கள் காம்பவுண்டுக்குக் குடிவந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. திருவானைக்கோவில் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஆறு குடித்தனங்கள் இருக்கும் காம்பவுண்டு அது. வேணி துறையூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வெங்காயமும் சோளமும் போடுகிற வீட்டுப் பெண். திருச்சிக்கு அதற்கு முன் மூன்று தடவைதான் வந்திருந்தாளாம், மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. முதல் மாதமெல்லாம் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அஜித்துக்குத் துவாக்குடியில் ஒரு வெல்டிங் கம்பெனியில் வேலை. மதியம் இரண்டு மணி ஷிப்ட். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து இரண்டே பாத்ரூம். குழந்தை என்று ஒன்று வருவதற்குள் தனி பாத்ரூம் உள்ள வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு அட்வான்ஸே எழுபதாயிரம் கேட்டார்கள். அதனால் கேபிளை நிறுத்தினார்கள். இரண்டு போனில் ஒன்றுக்கு மட்டும் நெட் போட்டார்கள். பைக்கை அஜித் வேலைக்குப் போக மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.

அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இவர்களைப்போல அதைப் பயன்படுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. தெருக்கடையில் வாங்குகிற காய்கறியை வேணி காந்தி மார்க்கெட்டில் போய் வாங்க ஆரம்பித்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். தனியார் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அவள் ஏற மாட்டாள். வெயிலில் இருபது நிமிடம் ஆனாலும் அரசு பஸ் வந்த பிறகுதான் ஏறுவாள்.

ஆறே மாதத்தில் ஊர் அவளுக்குப் பழகிவிட்டது. எந்த மண்டியில் வெங்காயம் காய்ந்து இருக்கும், எந்தக் கடையில் கூட்டம் குறைவு, எந்த நேரத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்பதெல்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்த என்னைவிட அவளுக்குத் தெரிந்தது. அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் அஜித் சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் பழகினான். பார்க்க நன்றாக இருந்தது. கல்யாணமாகிச் சென்னையில் இருக்கும் என் மகளிடம்கூட, "குடும்பம் நடத்தறதுன்னா இதுங்களப் பாத்துக் கத்துக்கணும்" என்று போனில் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் காம்பவுண்டு விழித்துக்கொண்டது. எதிர்வீட்டு விஜயராணி டீச்சர் அரிசிக்குச் சொல்லி அனுப்பினார். வேறொரு வீட்டில் தேங்காய், இன்னொரு வீட்டில் மாத்திரை. நானும் சும்மா இருக்கவில்லை. பெரிய கடைவீதியில் இருந்து தையல் நூல் வாங்கி வரச் சொன்னேன். கலர் சரியில்லை என்று மாற்றி வரவும் சொன்னேன். யாரும் அவளை அதட்டிச் சொல்லவில்லை. "உனக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே, ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்" என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவளும் சிரித்துக்கொண்டே பையை எடுப்பாள்.

போன ஆவணியில் அஜித்தின் அக்காவுக்குப் பிரசவம் ஆனது. ஆபரேஷன். தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். சாப்பாடு கொண்டுபோகும் வேலை வேணிக்கு வந்தது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பத்தாவது நாள் அக்கா டிஸ்சார்ஜ் ஆகித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று காலையே வேணி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். ஒன்பது நாளாக மூன்று வீட்டுக்கு வெங்காயம் பாக்கியிருந்தது.

பத்து கிலோ வெங்காயத்துடன் சத்திரம் வந்தபோது சமயபுரம் போகும் அரசு பஸ் நின்றது. அதுவும் திருவானைக்கோவில் வழிதான் போகும். ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது மட்டும்தான் அவளுக்கு நினைவு.

"சமயபுரம் வந்தாச்சும்மா, எறங்குங்க" என்று கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

இறங்கி, அஜித்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, "சரி விடு. அடுத்த பஸ்ல ஏறி வா, ஃப்ரீதானே" என்றான்.

அதன்பிறகு அவள் போனை எடுக்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு அஜித் என் வாசலில் வந்து நின்றான். "அக்கா, வேணி போன எடுக்க மாட்டேங்குறா."

"நீ ஏதாவது சொன்னியா?"

"ஒண்ணும் சொல்லலக்கா." சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. அதே 'ஃப்ரீதானே' என்ற வார்த்தையை இரண்டு நாள் முன்பு நானும் அவளிடம் சொல்லியிருந்தேன். அவன் ஷிப்டுக்குப் போகாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சமயபுரம் போனான்.

கோவிலுக்குப் போகும் வழியில், பூக்கடைகளுக்கு எதிரே ஒரு பந்தல் நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் வெங்காயப் பை. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் வந்தபடியும் போனபடியும் இருந்தார்கள். அஜித்தும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அன்று நடந்த பேச்சை அவள் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"வேலைக்குப் போகலையாங்க?"

"இல்ல."

"ஒருநாள் சம்பளம் போயிடுமே."

"போகட்டும். எவ்வளவு நேரமா இங்க உக்காந்திருக்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும். யாரும் எதையும் வாங்கிட்டு வரச் சொல்லல. நல்லா இருந்துச்சு."

அவன் வெங்காயப் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். அவளே தொடர்ந்தாள். "பஸ்ஸுக்குக் காசு இல்லதாங்க. ஆனா போறதும் வர்றதும் நான்தானே. தோள்பட்டை ஒரு மாசமா வலிக்குது. யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

"நீ சொல்லவே இல்லையே வேணி."

"சொன்னா ஆட்டோ வைப்பீங்க. அப்புறம் வீட்டுக்கு அட்வான்ஸ் எப்ப சேரும்?"

அவன் எழுந்தான். ஒரு கடையில் அவளுக்கு இட்லியும் வடையும் வாங்கிக் கொடுத்தான். இருவரும் கோவிலுக்குள் போய்விட்டு, வெங்காயத்தை பைக் டேங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்ததும் அஜித்தே ஒவ்வொரு வீடாக வெங்காயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். எங்கள் வீட்டுக்கும் வந்தான். "அக்கா, இனிமே வேணிகிட்ட எதுவும் சொல்லி அனுப்பாதீங்க. அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா. அதான் நான் சொல்றேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது. பத்து நாள் அவர்களோடு பேசவில்லை.

மறுவாரத்திலிருந்து மார்க்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. இருவரும் சேர்ந்து போவார்கள். முதலில் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுவார்கள். தூக்க முடிகிற அளவுதான் வாங்குவார்கள். நடுவில் ஏதாவது தேவைப்பட்டால் தெருக்கடைதான், இரண்டு ரூபாய் கூட ஆனாலும். இப்படிச் சின்னச் சின்னதாகப் போனதில் அட்வான்ஸ் சேர்வதற்கு நாலு மாதம் தள்ளிப்போனது. தை மாதம் என்று நினைத்திருந்த வீடு வைகாசியில்தான் அமைந்தது. கொண்டையம்பேட்டையில், மாடியில், தனி பாத்ரூமோடு.

அவர்கள் நாலு மாதத்தை இழந்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், அதற்கு முன்பு அவர்கள் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அது பஸ் டிக்கெட்டிலிருந்து மட்டும் வரவில்லை. ஒருத்தியின் தோளிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வந்தது. ஆறு வீட்டாரும் அதில் பங்கு வாங்கியிருக்கிறோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவும் இல்லை.

போன ஞாயிறு காந்தி மார்க்கெட்டில் அவர்களைப் பார்த்தேன். வேணிக்கு ஐந்தாம் மாதம். கையில் பை இல்லை. அஜித் குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் தட்டில் போட்டதில் பாதியை அவள் எடுத்துத் திரும்பக் குவியலில் போட்டாள்.

"இது ஈரங்க. நாலு நாள் தாங்காது."

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"கையில எடுத்துத் தேச்சுப் பாருங்க. தோல் சரசரன்னு சத்தம் வரணும்."

அவன் ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.