தரணி அண்ணாவும் அந்த சிவப்புச் சாயத் தண்ணியும்

தரணி அண்ணா போயிட்டார்.

காலைல போன் வந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னாராம்... ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நாப்பத்தி ரெண்டு வயசுங்க. இதெல்லாம் சாகற வயசா?

திருவண்ணாமலைல நான் மொதமொதல்ல சேர்ந்த லேப்ல அவர்தான் எனக்குப் பக்கத்து டேபிள். சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற மெஷின் செய்யற சின்ன கம்பெனி. தண்ணில பெராக்சைடு ஊத்தி யூவி லைட் வழியா விட்டா, சாயம் உடைஞ்சு நிறம் போயிடும்.

அவங்க ஜைனர் வீடு, பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டாங்க. டெஸ்ட் பாதில ஓடிட்டிருக்கும், அஞ்சரைக்கு டான்னு டிபன் பாக்ஸ் திறந்துடுவார். "யூவி லைட்ட நம்பியெல்லாம் சாப்பிட முடியாதும்மா"ம்பார்.

ஒரு தடவ நான் கலக்கின சாம்பிள்ல, சிவப்பு நிறம் அரை மணி நேரத்துல காணாமப் போச்சு. வீடியோ எடுத்து லேப் குரூப்ல போட்டு, "நம்ம டீம்"னு பீத்திக்கிட்டேன்.

அந்த டெஸ்ட்ட நம்பி எம்.டி. கூப்பிட, அடுத்த பௌர்ணமிக்கு கிரிவலம் வந்த பட்டறை ஓனர்ங்க நாலு பேர், கேன்ல அவங்க தண்ணியவே எடுத்துக்கிட்டு மெஷின் பாக்க வந்தாங்க. ரெண்டு மணி நேரம் ஓடியும் சிவப்பு அப்படியே நிக்குது.

பட்டறைத் தண்ணில உப்பு ஜாஸ்தி. உப்பு இருந்தா பெராக்சைடோட வேகம் கம்மி ஆயிடும். நான் வெறும் தண்ணில சாயத்தக் கலக்கி டெஸ்ட் பண்ணியிருக்கேன்... உப்பே போடல.

ஆர்டர் போச்சு. "யாருய்யா அந்த சாம்பிள் போட்டது?"ன்னு எம்.டி. கத்தினார்.

"நான்தான் சார். உப்பு போட மறந்துட்டேன்."

சொன்னது தரணி அண்ணா.

எனக்கு புரொபேஷன் முடியல, அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருந்துச்சு. அவருக்கு அது தெரியும். அடுத்த வாரமே அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நான் பேசாம இருந்துட்டேன்.

அப்புறம் அவர் ஒரு மெடிக்கல் ஷாப்ல பில் போட்டுக்கிட்டிருந்தார். லேப் பக்கமே திரும்பி வரல.

ஒரு நாள் கீழ்பென்னாத்தூர்ல அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி சாம்பார் ஊத்திக்கிட்டே, "உப்பு இருக்கான்னு எங்க வீட்டுக்காரர மட்டும் கேக்காத. உப்ப மறந்து வேலைய விட்ட மனுஷன்!"னு சிரிச்சாங்க. அண்ணாவும் சிரிச்சார். நான் தலையக் குனிஞ்சு சாப்பிட்டேன். பாவி... அப்பவாவது வாயத் திறந்தேனா?

வெளிய வந்ததும், "ஏன்ணா இன்னும் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"விடும்மா. வீட்ல சிரிக்கறதுக்கு ஏதாவது வேணாமா?"

இப்போ அங்கதான் போயிட்டிருக்கேன். அழுதுட்டிருக்கற அண்ணிகிட்ட நேர்ல சொல்ல தைரியம் வருமான்னு தெரியல... அதான் எல்லாரும் படிக்கற எடத்துல எழுதறேன்.

அண்ணி, அது அவர் தப்பு இல்ல. நான்தான்.

போய்ட்டு வாங்கண்ணா...