கிராணியின் கார்

கெட்டிலில் படிந்த உப்பை நீக்க மகள் வாங்கி வந்த திரவத்தைத் திறந்தேன். மூக்கில் ஏறிய புளித்த நெடி என்னை நான் வளர்ந்த லாபு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனது.

ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டுக்கும் இதே நெடிதான். கக்கூஸ் கழுவ அப்பா அதை ஸ்டோரிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துவந்து ஆரஞ்சு ஜூஸ் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார். மூன்று வயதுத் தங்கை ஒரு மடக்கு குடித்துவிட்டாள். தோட்டத்துக் கணக்கையும் ஸ்டோரையும் பார்த்துக்கொண்ட கிராணிதான் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"பிள்ள என்னம்மா குடிச்சா?" என்றார் குழந்தைகள் டாக்டர்.

அம்மா கிராணியைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு வேலையும் போகும், வீடும் போகும்.

"தெரியலைங்க டாக்டர்."

அம்மாவின் பார்வை போன திசையை டாக்டர் கவனித்தார்.

"ஐயா, உங்க காரு வழிய மறிச்சு நிக்குது. கொஞ்சம் தள்ளி வைங்க."

கார் தூரத்தில் மரத்தடியில் நிற்பது எனக்கே தெரியும். கிராணி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் கதவைச் சாத்தினார்.

"இப்ப சொல்லும்மா."

அம்மா சொன்னாள். தங்கை பிழைத்தாள்.

கெட்டிலைக் கழுவும்போதுதான் தோன்றுகிறது. தினமும் அந்த ஆசிட்டை அளந்து கொடுத்தவர் கிராணி. காருக்குள் அத்தனை தூரம் வந்த நெடி அவருக்கா தெரியாமல் இருந்திருக்கும்?