ஜேக்கப் சார் விற்கச் சொன்ன பங்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை மாவு வாங்கக் கடையில் நின்றிருந்தேன். கல்வராயன் மலையில் நாம் பணியாற்றிய பள்ளியின் பழைய எழுத்தர் அழைத்தார். "சார், நம்ம ஜேக்கப் சார் போய்ட்டாருங்க. சாயந்திரம் களமருதூர்ல அடக்கம்" என்றார். உங்களில் பலருக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்ததாம். நம் இயற்பியல் ஆசிரியராக இருந்த அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது.

நாம் மலையில் இருந்த காலத்தில் செல்போனில் இரண்டு முறைகள்: ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ. ஒன்றின் போன் மற்றதன் கோபுரத்தோடு பேசாது. மலையில் நம்முடைய ஜி.எஸ்.எம். போன்கள் எல்லாம் ஊமை. ஜேக்கப் சாரின் சி.டி.எம்.ஏ. போன் மட்டும் தண்ணீர்த் தொட்டி அருகே ஒலிக்கும். நம் எல்லோருக்கும் வீட்டுச் செய்தி அதில்தான் வந்தது.

"இன்னா சார், போன் பேசறதுக்கு டோக்கன் குடுப்பீங்களா?" என்பார் தமிழாசிரியை.

"குடுக்கலாங்க. உங்க மாமியார் பேசினா மட்டும் ரெண்டு டோக்கன்."

"மலையிலயே எடுக்கற போன் கீழ எடுக்காதா? இதான் ஜெயிக்கும்" என்று ஜேக்கப் சார் அந்தப் போனை விற்ற நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார். அவரை நம்பி நாம் ஐந்து பேரும் வாங்கினோம். நான் போட்டது என் மகளின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த பணம்.

விலை லேசாக இறங்கத் தொடங்கிய ஒரு விடுமுறை நாளில் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நான் சொன்னது தப்புங்க சார். வித்துடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்கதான வாங்கச் சொன்னீங்க? ஏறும், வுடுங்க."

"சிக்னலை மட்டும் பாத்தேன், கடையைப் பாக்கல. இப்ப பஸ் ஸ்டாண்டு கடைங்கள்ல கேட்டுகினு வர்றேன். நம்ம போனை யாரும் கேக்கறதில்ல. மாடல் கம்மி, விலை ஜாஸ்தி."

"ஏன் ஜாஸ்தி?"

"புரோட்டா கடைக்காரன், பக்குவம் சொன்னவனுக்கு ஒவ்வொரு புரோட்டாவுக்கும் காசு குடுத்தா எப்பிடி? நம்ம போன் ஒவ்வொண்ணுக்கும் அப்பிடித்தான் குடுக்கணும், அதான் ராயல்டி. காப்புரிமை வெச்சிருக்கற வெளிநாட்டுக் கம்பெனி சம்பாதிக்குது. நாம வாங்கினது கடைக்காரன் பங்கு சார்."

மறுநாளே விற்றேன். கொஞ்சம்தான் நட்டம். மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

மற்றவர்களின் வீடுகளுக்கும் போனார். திருக்கோவிலூருக்கும் பஸ் ஏறினார். நாம் எல்லோரும் விற்ற பிறகே தம்முடையதை விற்றார். அதற்குள் விலை பாதிக்கும் கீழே போயிருந்தது.

"நீங்க முன்னாடி வித்தா எங்களுக்கு இன்னா சார் நட்டம்?" என்று தமிழாசிரியை கடிந்துகொண்டார்.

"நட்டம் இல்லீங்க. நான் வித்துட்டு வந்து உங்களை விக்கச் சொன்னா, கேக்க எப்பிடி இருக்கும்?"

கணக்கில் அடங்காத பிடிவாதம்.

நான் கணக்கு ஆசிரியர். கரும்பலகையில் தப்பாகப் போட்டுவிட்டால், பிள்ளைகள் கவனிப்பதற்குள் துடைத்துவிடுவேன். அவர் வந்துபோன பிறகு அப்படிச் செய்ய முடியவில்லை. ஓய்வு பெறும்வரை, முதலில் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "நான் போட்டது தப்பு" என்று சொல்வேன். பிறகுதான் துடைப்பேன். ஜேக்கப் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.