துரைக்குப் பேசியவர்

பாலோ டவுனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் விலை விழுந்து, பாலுக்காக மரம் வெட்டுவது நின்றபோது, எந்த வாசலில் என்ன கிடைக்கும் என்பதை அம்மா ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையில் அம்மாவும் நானும். அடுத்த அறையில், புதிதாகக் கல்யாணமான அக்காவும் அத்தானும்.

நோன்பு மாதத்தில் டவுன் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றினார்கள். முதல் நாள் அம்மா வெட்கப்பட்டு, சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மளிகைக்கடை பாய், “சட்டிய மூடிக்கிட்டா எப்படித் தங்கச்சி ஊத்துறது?” என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள். வெட்கம் அன்றோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அரிசி கொடுத்தார்கள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் போய், ஒழுங்காக முட்டி போட்டோம். எந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் அம்மா மட்டும் தனியாக எழுந்து நிற்பாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் என் கையைக் கிள்ளுவாள். எனக்கு உயிர் போகும். அந்தக் கிள்ளல் இன்னொரு தரம் கிடைக்காதா என்று இத்தனை வயதிலும் ஏங்குகிறேன்.

பிறகு கவர்மெண்டு உதவி வருகிறது என்றார்கள். அதில் இரண்டு வகை இருந்தது. சிலருக்குத் தோட்டத்திலேயே புல் வெட்டும் வேலையும் அரிசியும். மற்றவர்களுக்கு இலவசக் கப்பல், ஊருக்கு. எங்களுக்கு ஊர் என்றால் இந்தியா. நானும் அக்காவும் இங்கேயே பிறந்தவர்கள், அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அத்தானுக்கு மட்டும் அங்கே தாயார் இருந்தார். அக்காவைக் கப்பல் கொண்டுபோய்விடுமோ என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தான் துரையிடம் போனார். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர், கங்காணிகளே நடுங்குகிற துரை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, நாங்கள் நாலு பேரும் இங்கேயே இருக்கிறோம், என்ன வேலையானாலும் செய்கிறோம் என்று கேட்டார். சரி, கணக்கெழுத வருகிற கிராணியிடம் சொல்லிப் பெயர் பதிந்துகொள்ளுங்கள் என்று துரை சொல்லிவிட்டு, மறுநாளே சிங்கப்பூர் போய்விட்டார். அத்தான் அதை வந்து சொன்னபோது, அம்மா அவருக்குத் திருஷ்டி கழித்தாள்.

கிராணி வந்த அன்று அத்தானுக்கு மலேரியா நடுக்கம். அம்மாதான் போனாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். கிராணி சின்ன வயசுக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர். கஞ்சி போட்ட கோட்டு, வாரிய தலை.

அம்மா கும்பிட்டு, நாலு பேர் பெயரையும் சொல்லிவிட்டு, “ஐயா, எங்க மாப்பிள்ளை துரைகிட்ட நல்லாப் பேசிட்டாருங்க” என்றாள்.

கிராணி நிமிர்ந்து பார்த்தார். “துரைக்கே பேசினவரோ?”

“ஆமாங்க, நேருக்கு நேரா நின்னு பேசினாரு.”

“பயமில்லாமலோ?”

“என்னத்துக்குங்க பயம்? அவரு அப்படித்தாங்க. யாரா இருந்தாலும் நல்லாப் பேசுவாரு.”

கிராணி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்து வீசிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், பெயர் கூப்பிடுகிற இடத்தில், அம்மாவும் நானும் தோட்டத்தில் இருக்கலாம் என்றார்கள். அக்காவும் அத்தானும் கப்பலுக்கு. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கத் துரையும் இல்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. அத்தான் துரையிடம் பேசவே இல்லை. பெற்றவளிடம் ஓடிப்போக வேண்டி, பேசியதாகப் பொய் சொல்லியிருக்கிறார். அதை லயமே கேட்கச் சொல்லித் தீர்த்தாள். அக்கா இரண்டு அறைக்கும் நடுவில் நின்று அழுதாள்.

பாலோ ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது அத்தான் ஜன்னலுக்கு வெளியே குனிந்தார். காய்ச்சல் விட்ட முகம் மஞ்சளாக இருந்தது. “நான் பேசினேன் அத்தை, சத்தியமாப் பேசினேன்” என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அவர் தோளுக்கு மேலே கையை நீட்டினாள். நான் ஓடித் தொடுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து வந்தவர்கள் ஒருமுறை, அக்காவுக்குப் பெண் குழந்தை என்றார்கள். அம்மா கேட்டுக்கொண்டாள். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

சில வருஷம் கழித்து, ரப்பர் விலை ஏறி, நானும் வளர்ந்த பிறகு, குளுவாங் டவுனில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். ஒருநாள் சின்னவன் கண்ணாடிக் கிளாசை உடைத்துவிட்டான். அந்த வீட்டு அம்மா, “அப்பா வரட்டும், உனக்கு நல்லாப் பேசுவார்” என்றார். பையன் அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தான்.

எனக்குப் புரியவில்லை. “நல்லாப் பேசினா எதுக்கும்மா ஒளியணும்?” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஐயோ பிள்ளை, உங்கட ஏச்சுத்தான் எங்கட பேச்சு. நீங்கள் பேசுறதை நாங்கள் கதைக்கிறது எண்டு சொல்லுவம்.”

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கிராணியின் அந்தக் கஞ்சி போட்ட கோட்டு கண்முன் வந்துவிட்டது. துரைக்கே பேசினவரோ? பயமில்லாமலோ? துரையை முகத்துக்கு நேரே ஏசிய முரடன் என்று அத்தானைப் பற்றி அம்மா வாயாலேயே சாட்சி சொல்லியிருக்கிறாள், அதுவும் அவ்வளவு பெருமையாக. உட்கார்ந்த இடத்தில் அழுதேன். அந்த வீட்டு அம்மா பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

லீவு கேட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

“அப்ப மாப்பிள்ளை துரைகிட்ட பேசத்தான் செஞ்சாரா?”

“பேசினாரும்மா.”

முறத்தைக் கீழே வைத்தாள். அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம், ஊருக்குப் போக யாராவது ரயிலேறுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அம்மா ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். அவர்கள் எந்த ஜில்லாக்காரர்களாக இருந்தாலும் சரி. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அத்தான் பெயரையும் ஊரையும் சொல்லி, “அவரு பேசினது நெசம்னு அத்தை சொன்னான்னு சொல்லுங்க” என்பாள். வண்டி நகரும் வரை அதையே சொல்வாள். ஒருவராவது போய்ச் சொன்னார்களா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.