கழற்றத் தெரியாத குருசாமி

மலேசியாவின் சிரம்பானில் நான் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடும் கடைக்குத் தினமும் வரும் சீனப் பெரியவர் என்னைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார். என் கழுத்தில் கிடக்கும் கொட்டை மாலையைக் காட்டி, எந்தக் கோயில் என்று ஒருநாள் மலாயில் கேட்டார். கோயில் இல்லை, சர்ச் என்றேன். சற்று யோசித்தவர், இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது அதைவிடக் கஷ்டம்.

புதுக்கோட்டைப் பக்கம் என் ஊரில் நான் பேர்போன குடிகாரன். ஆனால் கார்த்திகை பிறந்தால் சுத்தம். ஐயப்பனுக்கு மாலை போட்டபின் ஒயின்ஷாப் பக்கம் போனால், "சாமி, வீட்டுக்குப் போங்க" என்று கூட்டாளிகளே விரட்டிவிடுவார்கள். மலைக்குப் போய்த் திரும்பி, குருசாமி மந்திரம் சொல்லி மாலையைக் கழற்றிய கையோடு, விட்டதையும் சேர்த்துக் குடிப்பேன். மலேசியாவுக்கு வந்தபின் மாலையும் இல்லை, விரட்ட ஆளும் இல்லை. சம்சு என்கிற மலிவுச் சாராயம் மட்டும் இருந்தது. கடையில் நான் மயங்கி விழுந்ததும், லாபு எஸ்டேட்டில் பாஸ்டர் ஒருவர் நடத்தும் மறுவாழ்வு இல்லத்தில் முதலாளி கொண்டுபோய் இறக்கிவிட்டார். அது தோட்டத் தொழிலாளிகளுக்கென்று இருந்த பழைய கள்ளுக்கடைக் கட்டடம். பாட்டன்கள் குடித்த பெஞ்சில் உட்கார்ந்து பேரன்கள் அல்லேலூயா பாடினார்கள். என் மனைவி செல்வி போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "குடிய விட்டா வாங்க. இல்லேன்னா அங்கேயே கெடங்க."

முதலில் கைகால் உதறியது. பாஸ்டர் என் தலையில் கைவைத்து, "அப்பா, இவன விட்டுறாதீங்க" என்று அழுதபடி ஜெபித்தார். எந்த அப்பா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் யாரோ என்னைப் பிடித்துக்கொண்டார்கள், அது சத்தியம். எழுந்து உட்கார்ந்ததும், "குருசாமி, எனக்கு எப்ப மாலை போடுவீங்க?" என்று கேட்டேன்.

"மாலையெல்லாம் இங்க கெடையாது லா, பிரதர்."

"மாலை இல்லாம எப்படிங்க விரதம் இருக்கிறது?"

"இது விரதம் இல்ல லா. விட்டா விட்டதுதான்."

முடிவே இல்லாத விரதத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் முனியாண்டி அண்ணன் இரக்கப்பட்டு, தோட்டத்தில் பொறுக்கிய ரப்பர்க் கொட்டைகளைத் துளைத்துக் கோத்துக் கொடுத்தார். நான் போட்டுக்கொண்டேன். பிறகு அவரும் போட்டார். பிறகு எல்லாரும். பாஸ்டர் ‘பிரதர்’ என்று கூப்பிட, நாங்கள் ‘சாமி’ என்று பதில் கொடுத்தோம். முழங்காலிட்டால் கொட்டைகள் உரசி இல்லமே கடகடத்தது. பக்கத்து ஊரான மந்தினிலிருந்து வந்த சபைக்காரம்மா, மாலைகளை ஏதோ கைத்தொழில் பயிற்சி என்று நினைத்துப் பேத்திக்கு ஒன்று கேட்டார். பாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மாலை போட்டவன் எவனும் வேலி தாண்டிக் குடிக்கப் போகவில்லை என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

இல்லத்தை விட்டுக் கிளம்பும் நாளில் அவர் முன் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினேன். நாக்கு ஊறத்தான் செய்தது.

"கழட்டிவிடுங்க, குருசாமி."

பாஸ்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்குக் கழட்டத் தெரியாது லா. எங்க பைபிள்ள அந்த மந்திரம் இல்ல. நானும் குடிச்சவன்தான், பிரதர். என்னையே இன்னும் யாரும் கழட்டி விடல."

மாலையைத் தானே கழற்றுவது எங்கள் வழக்கத்தில் பெருங்குற்றம். இயேசுவும் ஐயப்பனும் பேசிவைத்துக்கொண்டு என்னை நடுவில் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் குடிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் லாபுவுக்குப் போய் ஜெபிக்கிறேன்.

போன வாரம் செல்விக்குப் போன் போட்டு, ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றேன். அழுதாள், சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நம்ம குருசாமிக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. ‘வரட்டும், முறைப்படி நானே கழட்டிவிடுறேன்’னு காத்துக்கிட்டிருக்காரு. உங்க கூட்டாளிங்களும்தான்."

"இப்ப என்ன செய்யிறது?"

"பஸ் ஸ்டாண்டுல எறங்காதீங்க. கம்மாய்க்கரையில எறங்குங்க. என் சேலையில முக்காடு போட்டுக் கூட்டிட்டு வந்துர்றேன்."

இத்தனை வருடம் ஏங்கிய ஊருக்குள், பெண்டாட்டி சேலையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்தியபடி, கொல்லைப்புறமாக நுழையப் போகிறேன்.