தூரமுங்களா, அத்தை?

வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது அப்பாவின் நம்பிக்கை. பம்பு செட்டுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று அவருக்கு இருந்தது. ஆர்டர் பிடிக்கப் போகும் அவசரத்தில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருப்பார். நான் ஓடிப்போய், "எங்கப்பா போறீங்க?" என்பேன். நுழைத்த காலை உருவிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அப்படியும் ஆர்டர் கிடைக்காவிட்டால் அது என் தலையில் விடியும். கோயமுத்தூரில் பட்டறைத் தொழில் படுத்ததற்கு நானும் ஒரு காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழியிலிருந்து என்னைக் காப்பாற்றியது அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. "எங்கேன்னு கேக்கப்படாது கண்ணு. தூரமுங்களான்னு கேக்கோணும்" என்று சொல்லிக்கொடுத்தாள். அதில் சகுனத் தடை கிடையாதாம். போகிறவருக்கு மனமிருந்தால் இடத்தைச் சொல்வார், இல்லாவிட்டால் பக்கந்தான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போய்விட்டது. காஸ் சிலிண்டர் போட்டுவிட்டுப் போகிறவரைக்கூட விடாமல் தூரமுங்களா என்று கேட்டு வழியனுப்பினேன்.

அத்தைக்கு அன்னூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்த ஊர்தான். பெற்றவர்கள் போனபின் அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியது அப்பா. வேலை கிடைத்ததும் எங்களோடு வந்து தங்கினாள். தினமும் கம்பெனி வேனில் போய் இருட்டும் நேரத்துக்கு வருவாள். என் தலையை அவள் பின்னினால்தான் பின்னல் மாலைவரை நிற்கும். அம்மா பின்னினால் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் அவிழ்ந்துவிடும். இதை அம்மாவிடம் சொல்லி அடியும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் லேஅவுட் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. கடைசி வீதியில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் இருபுறமும் வேலி அடைத்த இட்டேரித் தடம் ஒன்று. அதன் முடிவில் யானை வராமலிருக்க வெட்டிய அகழி. குறுக்கே போட்டிருந்த பலகையில் நடந்து அந்தப்பக்கம் போய்விட்டால் கரட்டுக் குன்றின்மேல் தடம் ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் லேஅவுட்டில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். அவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சர்க்கரை வந்தவர்கள், சர்க்கரை வந்துவிடுமோ என்று பயந்தவர்கள். கையில் ஆளுக்கொரு குச்சி, தலையில் குரங்குக் குல்லாய். வழியில் புதுச் சாணம் கிடந்தால் அதைச் சுற்றி நின்று யானை ஒற்றையா கூட்டமா என்று விவாதித்துவிட்டு, வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் இறங்கிவிடுவார்கள்.

அத்தை இந்த இரண்டு வகையிலும் சேராதவள். இருந்தும் ஒரு ஞாயிறும் தவறாமல் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். எனக்காகத்தான் ஏறுகிறாள் என்று நான் எண்ணியிருந்தேன். மேலே தடம் இரண்டாகும் இடத்துக்குப் பிரிவு என்று பெயர். பஸ் நிற்கும் இடத்துக்கெல்லாம் இன்ன ஊர்ப் பிரிவு என்று பெயர் வைக்கிற ஊர் எங்களுடையது, மலையை மட்டும் விட்டுவைக்குமா? பிரிவிலிருந்து ஒரு தடம் சுற்றிக்கொண்டு எங்கள் லேஅவுட்டுக்கே இறங்கும். இன்னொன்று மலைக்கு அந்தப்பக்கம் இறங்கி, பஸ் வருகிற ஒரு கிராமத்தில் முடியும். அங்கே ஒரு பாறையில் என்னை உட்காரவைத்து, கையில் கடலை மிட்டாயைக் கொடுத்துவிட்டு, அத்தை சற்றுத் தள்ளி நின்று போன் பேசுவாள். "இங்கதான் கண்ணு டவர் நல்லாக் கெடைக்குது" என்பாள். வீட்டில் மொட்டைமாடி போகாமலே டவர் நன்றாகக் கிடைத்தது. ஆனால் மிட்டாய் வாயில் இருக்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

அந்த வருஷம் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஈரோட்டில் தறி ஓட்டும் குடும்பம், நல்ல வசதி. மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரைகள் வந்து குவிந்து, கேசரி தின்று, நாள் குறித்துவிட்டுப் போனார்கள். அன்று சாயந்தரம் அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு வேண்டாமுங்ணா" என்றாள். அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்ல எடம். கம்முன்னு இரு" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை மயில்கழுத்து நிறத்திலா அரக்கிலா என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே பிரச்சினை.

அடுத்த ஞாயிறு அத்தை வழக்கத்தைவிடப் பெரிய பையைத் தோளில் மாட்டியிருந்தாள். உள்ளே என்ன என்று கேட்டதற்கு ஆபீஸ் சாமான் என்றாள். முன்னறையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "தூரமா?" என்றார். "எப்பவும் போறதுதானுங்ணா" என்று சொல்லிவிட்டு அத்தை வெளியே போகாமல் அங்கேயே நின்றாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் இருந்த காலி காப்பி டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். நேரமாகிறது என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அன்றைக்கு ஏறும்போது அவள் என் கையை விடவேயில்லை. தடம் குறுகலாகி ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டிய இடத்தில்கூடப் பக்கவாட்டாகத் திரும்பி, பிடித்த கையை விடாமலே ஏறினாள். பிரிவில் பேங்க்கார மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தவர் அவர், ரிட்டையர் ஆனவர். அத்தை அவரிடம், "ஏனுங் மாமா, எறங்கறப்ப இவளைக் கூட்டீட்டுப் போயி ஊட்டுல உட்டுர்றீங்களா? நான் அக்கட்டால போயிட்டு வாரேனுங்க" என்றாள். அதுக்கென்ன அம்மணி என்றார் அவர்.

மிட்டாய்ப் பாக்கெட்டை முழுசாக என் கையில் கொடுத்தாள். குனிந்து, நன்றாகவே இருந்த என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாள். எங்கே அத்தை போகிறாய் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் கிளம்பி நிற்கிற ஆளை அப்படிக் கேட்கலாமா? மாமாக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லபடி வளர்ந்த பிள்ளையாக, "தூரமுங்களா, அத்தை?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "கொஞ்சம் தூரந்தான் சாமி" என்றாள். சொல்லிவிட்டு அந்தப்பக்கத் தடத்தில் இறங்கினாள். மஞ்சள் துப்பட்டா ஊஞ்ச மரங்களுக்கு நடுவே தெரிந்து தெரிந்து மறைந்தது. பேங்க்கார மாமா என் மரியாதையை மெச்சி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் இதெல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்றார். வீடு வந்து சேரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கும் அத்தை வரவில்லை. போன் எடுக்கவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு, "எங்க போறான்னு கேட்டியா?" என்றார். "கேக்கலீங்கப்பா. கேக்கப்படாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். அப்படியே நின்றார். பிறகு காலை உருவிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான்தான் எங்கே என்று கேட்கவே இல்லையே, பின் ஏன் இவர் திரும்பி வந்து உட்கார்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீரையும் அவர் குடிக்கவில்லை.

அத்தை தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் சனம் அல்ல. அவள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்னது அப்பாவா, சொந்தபந்தமா, இன்றுவரை தெரியாது. அலமாரியில் இருந்த அவள் போட்டோவைக் காணோம். இப்போது எங்கோ வடக்கே இருக்கிறாள். தீபாவளி பொங்கலுக்கு அம்மாவுக்குப் போன் வரும். அம்மா சமையலறைக்குள் போய்ப் பேசுவாள். அந்த நேரத்தில் அப்பா, யாரும் சொல்லாமலே, டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

எங்கள் லேஅவுட்டைத் தாண்டி இன்னும் நாலைந்து லேஅவுட் வந்துவிட்டது. யானைகளின் நடமாட்டம் அதிகம் என்று வனத்துறை தடத்தை அடைத்து இரும்புக் கதவு போட்டுவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கதவுவரை நடந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அத்தையை எனக்கு இப்போதும் தேடுகிறது. என் தலையை அதற்குப் பிறகு யாருமே அப்படிப் பின்னியதில்லை.

ஆனால் அங்கே நிற்கும்போது அவளைவிட அப்பாதான் அதிகம் நினைவுக்கு வருகிறார். அவள் போன மறுஞாயிறே அப்பா என்னை எழுப்பிவிட்டார். அதுவரை கரட்டுப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், புது ஷூ மாட்டிக்கொண்டு, வா போகலாம் என்றார். பாவம், அப்பாவுக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று நினைத்தேன். பிரிவுக்குப் போனதும் அந்தப்பக்கத் தடம் தெரிகிற மாதிரி பாறையில் உட்கார்ந்தார். ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, "அத்தை என்ன சொன்னா?" என்றார்.

"கொஞ்சம் தூரந்தான்னு சொன்னாங்க."

"கொஞ்சம்னா சொன்னா?"

"ஆமாங்கப்பா. கொஞ்சந்தானுங்க."

செரி என்று எழுந்து வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டு, வந்த வழியே என்னைக் கூட்டிவந்துவிட்டார். அடுத்த வாரமும் அதே பாறை, அதே கேள்வி, அதே பதில். இந்த வாரம் கட்டாயம் அந்தப்பக்கம் இறங்குவோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நான் பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கொஞ்சம் தூரம்தானே, போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே, அப்பா ஏன் இறங்காமல் உட்கார்ந்தே இருக்கிறார் என்று எனக்குப் புரியவேயில்லை.